பாதிக் களம்

ஏற்காட்டில் பந்து கையை விட்டு நழுவினால், அது பாட்டுக்குச் சேலம்வரை உருண்டு போய்விடும். அப்படிப்பட்ட சரிவு. வெள்ளக்கடைப் பக்கம் நாங்கள் குடியிருந்த எஸ்டேட்டில் ஒரே ஒரு சமதரை, காப்பி உலர்த்தும் சிமெண்டுக் களம். அதைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அதனால் அது என் டென்னிஸ் மைதானமும் ஆயிற்று.

ஏழாம் வகுப்பில் விளையாட்டு ஆசிரியர் ஒரு பழைய மட்டையும் இரண்டு பந்துகளும் கொடுத்தார். கொட்டகைச் சுவரில் வலை உயரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, காலையும் மாலையும் அடிப்பேன். பந்து களத்தைத் தாண்டினால் சரிவில் இறங்கி, உண்ணிமுள் புதருக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். அந்த முள்ளுக்குப் பயந்தே பந்தை எல்லைக்குள் அடிக்கப் பழகினேன்.

அம்மாவுக்கு மட்டையைவிடப் புத்தகம் முக்கியம். அவருக்கு எழுத்து தெரியாது. என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் காதாலேயே சோதிப்பார். சுலபமான பாடத்தையே திரும்பப் படித்து ஏமாற்றப் பார்த்தேன். "அசோகரு நேத்தே மரம் நட்டுப்போட்டாரு சாமி, அடுத்தவரப் படி" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

மார்கழிக் குளிரில் ஆசிரியர் என் பெயரைச் சேலத்துப் போட்டிக்குக் கொடுத்தார். ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். மூன்று வாரம் இருந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாளே பழம் பறிப்பு தொடங்கியது. களம் முழுக்கக் காப்பியைப் பரப்பிவிட்டார்கள். பந்தை ஒருமுறை தட்டக்கூட இடமில்லை. சோறு வேண்டாமென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எங்கள் மலைச்சாமி சேர்வராயனிடம் முறையிட்டேன்.

இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், களத்தில் பாதி காலி! காப்பி முழுவதும் மறுபாதியில் இருந்தது.

"வெளச்சல் கம்மிங்களாப்பா?"

"ஆமா கண்ணு, கம்மிதான். நீ ஆடு."

சேர்வராயன் இவ்வளவு சீக்கிரம் காது கொடுப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. இந்தப் பாதியில் நான் பந்தோடு ஓட, அந்தப் பாதியில் அப்பா காப்பிக்குள் காலை இழுத்து இழுத்துக் கிளறியபடி நடப்பார். நான் பள்ளிக்குக் கிளம்பும்போதும் நடப்பார், திரும்பும்போதும் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள் எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் ரைட்டர் வந்து சத்தம் போட்டார்.

"என்னப்பா இது, இத்தன தடியாக் குமிச்சு வெச்சிருக்கற? பூசணம் புடிச்சா உன் வேல போயிருமப்பா!"

"புடிக்காதுங்க. கா மணி நேரத்துக்கொருக்கா கிளறிப்போடறனுங்க."

ரைட்டர் குறுக்கே நின்றதால் நல்ல அடி ஒன்று வீணானதே என்றுதான் எனக்கு எரிச்சல்.

போட்டிக்குப் போகும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து, மறுநாள் அறிவியல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபடி இறங்கினேன். எதிரே ஆட வந்தவனிடம் மூன்று மட்டைகள்! அவன் அடித்த பந்து காதோரம் விர்ரென்று போயிற்று. ஆனால் அவன் நாலு நல்ல பந்துக்கு ஒன்றை வெளியே அடித்தான். வெளியே போனதை எடுத்துவர அங்கே ஆள் இருந்தது. எனக்கோ கோட்டைத் தாண்டினாலே முள் குத்தும் என்று கை தானாக அடங்கியது. கடைசிப் புள்ளிக்கு எத்தனை முறை பந்து வலையைக் கடந்ததோ தெரியாது, மூச்சு முட்டியது. அவன் ஓங்கி அடித்தான். பந்து வலையில் விழுந்தது. ஆசிரியர் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

வீட்டு வாசலிலேயே கத்தினேன். அப்பா வெந்நீர் அண்டாவில் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருந்தார். குதிகால் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. பனிக்கு அப்படித்தான் ஆகும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"பந்து வெளிய போச்சா கண்ணு?"

"ரெண்டே தடவதாங்கப்பா! அடுத்த வருசமும் காப்பி கம்மியா வெளையோணும்னு சேர்வராயன்கிட்ட வேண்டிக்கிட்டனுங்க."

அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தார். அப்பா தண்ணீர் தளும்பத் தளும்பச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கம்மியாக விளைந்த காப்பியைக் கிளற அத்தனை தூரம் ஏன் நடக்க வேண்டியிருந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவேயில்லை.