சகலை நாணில் எத்தனை இழை

ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற கொளஞ்சி எனக்குச் சொந்தம்தான். அவன் பெண்சாதி கலியம்மாள் என் சித்தப்பா பேத்தி. அவள் தங்கை ஜெயசித்ராவைக் கட்டினவன் பாடாலூரில் டயர் கடை வைத்திருக்கிற அறிவழகன். மாமனார் வேம்பு வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் கொளஞ்சி முதலில் அறிவழகன் இலையைத்தான் பார்ப்பான். அங்கே வடை கூடுதலாக விழுந்திருந்தால் இவனுக்குச் சோறு இறங்காது.

கார் அவனிடம், மாடி வீடு அவனிடம். கொளஞ்சியிடம் இருந்தது, செல்போனில் பார்த்துப் பார்த்து அவனே செதுக்கின மூங்கில் வில். மூட்டை தூக்கின தோளுக்கு மட்டுமே வளையும் முரட்டு வில் அது. பதினெட்டு இழை சேர்த்து முறுக்கி நாண் போட்டிருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் அறுத்துப் போட்ட சோளக்காட்டில் பங்காளி, மாமன் மச்சான் எல்லாம் கூடி யார் அம்பு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். அங்கே மட்டும்தான் கொளஞ்சிக்குப் பேர்.

போன பொங்கலுக்கு அறிவழகனும் ஒரு வில்லை வாங்கிக்கொண்டு வந்து, கொளஞ்சி அம்பைத் தாண்டி விட்டுவிட்டான். மாமனார் வேறு, "சின்ன மாப்பிள்ளை கை லேசுப்பட்ட கையில்ல" என்றுவிட்டார்.

இந்தப் பொங்கலுக்கு அறிவழகன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துக் கொளஞ்சி அவன் கார்க் கதவைத் திறந்தான். வில்லின் நாண் நுனியை நகத்தால் பிரித்து எண்ணினான். பன்னிரண்டு இழை. இழை குறைந்தால் நாண் கனம் குறையும், அம்பு பறக்கும்; இதுதானா சங்கதி! அவன் பன்னிரண்டு என்றால் நான் பத்து என்று, கொல்லையில் உட்கார்ந்து அவசரமாக ஒரு நாண் முறுக்கித் தன் வில்லில் மாட்டிவிட்டான்.

அறிவழகன் நாணில் நடுவே, அம்பு மாட்டுகிற இடத்தில், அம்பு இறுக்கமாக நிற்கும்படி தடிப்பாக மேல்நூல் சுற்றியிருந்தது. நுனியையே எண்ணின கண்ணுக்கு அது தெரியவில்லை. கொளஞ்சி அம்பின் வாலில் வெட்டியிருந்த காடி பதினெட்டு இழைக்கு வெட்டினது. பத்து இழையில் அது தொளதொளவென்று நின்றது.

காட்டில் எல்லார் முன்னாலும் காது வரைக்கும் இழுத்து விட்டான். அம்பு நழுவிக் கீழே விழுந்தது. வெறும் நாண் அடித்த அடியில் வில் படீரென்று பிளந்துபோனது.

"மாமா, அம்பு எங்க? கோட்டையத் தாண்டிடுச்சா?" என்றாள் ஜெயசித்ரா.

"அவரு காலடியில கெடக்குடி!" என்று யாரோ சொல்ல, காடே சிரித்தது.

அறிவழகன் தன் வில்லை நீட்டினான். "விடுங்க சகலை, அது கெடக்குது. இதுல ஒண்ணு விட்டுப் பாருங்க."

வாங்கக் கூடாது என்றுதான் கொளஞ்சி நினைத்தான். கை வாங்கிவிட்டது. ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து இழுத்து விட்டான். அம்பு, அறிவழகன் முன்னமே விட்டிருந்த அம்பையும் தாண்டி, வரப்பையும் தாண்டிப் போய் விழுந்தது. கொளஞ்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தான்.

"பாத்தீங்களாப்பா," என்றார் மாமனார், "சின்ன மாப்பிள்ளை வில்லு என்ன வில்லு!"

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில், பிளந்த வில்லை மடியில் வைத்துக்கொண்டு கொளஞ்சி கேட்டான்: "வில்லு யாருதா இருந்தா என்ன புள்ள? விட்டது என் கைதான?"

"ஆமா," என்றாள் கலியம்மாள். "கார்க் கதவைத் தொறந்து இழை எண்ணுனதும் அதே கைதான். பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கொளஞ்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அறிவழகன் கார் ஹாரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்திப் போனது.