பக்கத்துக் கட்டில் பிள்ளை

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பாலாவிக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டில் இது நடந்தது. மகளின் கலியாணத்துக்கு நாள் குறிக்கக் கற்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவதாக இருந்தார்கள். நான் காலையிலிருந்தே ஒரு நிலையில் இல்லை. லொறிப் புழுதியில் ஜன்னல் சீலையெல்லாம் மண்ணிறம். துவைத்துப் போட்டால் காய்வதற்குள் திரும்பவும் புழுதி. அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தேன். "அவங்க சீலையப் பாக்கவா வாறாங்க?" என்று கேட்டுவிட்டு என் கணவர் மெல்ல வெளியே போய்விட்டார்.

மாப்பிள்ளையை எங்களுக்குப் பிடித்திருந்தது. வீடுகளுக்கு சோலார் பூட்டுகிற வேலை. அதிகம் கதைக்காத பிள்ளை. பெரியவர்கள் முன்னிலையில் அவரும் மகளும் ஒரு தடவை பேசியும் முடிந்திருந்தது. மகள் வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வேலை சொன்னால் மூஞ்சியை நீட்டுகிறவள், அந்தக் கிழமை முழுக்கச் சொல்லாத வேலையையும் செய்தாள். தாய்க்கு அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மாப்பிள்ளையின் தாய்க்கு மூட்டு வருத்தம் என்று அவருடைய ராத்தாதான், அதாவது பையனின் பெரியம்மாதான், முன்னுக்கு நின்று எல்லாம் பேசினார். நல்ல கலகலப்பான மனுசி. இனிப்புக்கு வைத்த தொதலைச் சாப்பிட்டுக்கொண்டே, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"மூணு. இவ மூத்தவ. பொறகு ரெண்டும் ஆம்புளப் புள்ளைகள்."

"இவக்கு முன்னுக்கு ஒண்டும் தவறிப் போகல்லியா?"

"இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை. எத்தனையோ வருடமாகச் சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகின பதில் அது.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப பிரச்சின இல்ல" என்று பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. எங்க பொண்ணு பாக்கப் போனாலும் நான் இதக் கேக்காம விடமாட்டேன். இவன் பொறந்த நேரம் என்ட தங்கச்சி ஆஸ்பத்திரியில அறிவு நினைவில்லாமக் கெடந்தா. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தின கெழம. போத்தல் பால் குடுத்தாக் கக்குறான். பக்கத்துக் கட்டில்ல ஒரு புள்ள இருந்தா, கதையப் பாத்தா மன்னார் ஆக்கள் போல. அவட குழந்த தவறி மௌத்து. அவதான் ரெண்டு மூணு நாள் இவனுக்குப் பால் குடுத்தா. தங்கச்சிட பின்னால ஓடித் திரிஞ்சதுல நான் பேர், ஊர் கேக்கல்ல. ஒரு நாள் வந்து பாத்தா கட்டில் காலி. அண்டையிலிருந்து தேடுறோம். அவட பொம்புளப் புள்ளையவே தெரியாமக் கட்டி வெச்சிட்டமெண்டா என்ன பாவம், செல்லுங்க!"

 "பாவம்" என்று மட்டும் சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பக்கத்துக் கட்டில் பெண் நான்தான்.

பெரியம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே இருந்ததில் என் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. அப்போது நான் ஈர்க்கு மாதிரி இருப்பேன். இப்போது எங்கள் சமையலறைக் கதவால் பக்கவாட்டாகத்தான் நுழைய முடிகிறது. எனக்கும் அவரைத் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

என் தலைப்பிள்ளை ஆண். இருதயத்தில் கோளாறோடு பிறந்தான். மூன்று நாள் இருந்தான். எனக்கு பிரஷர் இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். என் கணவரும் அவருக்கு மூத்த நானாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டு வந்தார்கள். எங்களில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. எந்த இடத்தில் என்று பிறகு ஒரே ஒரு தடவைதான் அவரிடம் கேட்டேன். "மதிலோரம், வேம்புக்குக் கிட்ட" என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் சின்னப் பிள்ளைபோல் அழுதார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பிள்ளை போனது பாலுக்குத் தெரியாதே. அடக்கம் நடந்த அன்றைக்குத்தான் எனக்குப் பால் இறங்கியது. நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதுகொண்டே இருந்தது. தாயை வேறு வார்ட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அது அழ அழ என் சட்டை நனைந்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? "இஞ்ச தாங்க" என்று நானே கையை நீட்டினேன். "ஒங்களுக்கு மனசு தாங்குமா, புள்ள?" என்று குழந்தையை வைத்திருந்த பெண் தயங்கினார். தாங்காதுதான். ஆனால் அவன் வாய் வைத்து இழுத்தபோது, பிள்ளை போன நேரத்திலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

அவனுக்கு ஏழாம் நாள் வரவில்லை, பெயரும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்டால் விட்டுப் போக முடியாது என்று பயம். வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டியதும் வந்துவிட்டேன்.

எங்களில் பிள்ளை மாறிப் பால் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும். பால் குடித்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. கொடுத்தவளின் பிள்ளைகள், பிறகு பிறப்பவர்கள்கூட, அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள். இது எனக்குத் தெரியாததல்ல. குர்ஆன் ஓதப் போன காலத்திலேயே படித்ததுதான். ஆனாலும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளையின் கபுறு காய்வதற்குள் அடுத்தவள் பிள்ளைக்குப் பாலா என்று மாமியார் கேட்பார் என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. என் மகனுக்கு வந்த பாலைப் பற்றி மற்றவர்கள் உட்கார்ந்து கதைப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அப்படியே அவனைப் பற்றிய கதையும் நின்றுபோனது. மூத்தவன் ஒருவன் இருந்தான் என்று என் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கிட்டினால் மட்டும் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கட்டி வலிக்கும். டொக்டரிடம் காட்டினேன். ஒன்றும் இல்லையாம்.

அந்தச் சனிக்கிழமை நாளும் குறித்து, தொதலும் கட்டிக் கொடுத்து, சிரித்துக்கொண்டே அவர்களை அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு மட்டும்தானே தெரியும், நான் சொல்லாவிட்டால் யார் வந்து சொல்லப் போகிறார்கள் என்று யோசித்த தாய் நான். மகள் மெஷினில் உட்கார்ந்து தன் கலியாணத்துக்கென்று ஒரு துணிக்கு லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த நிறம் சரியா உம்மா என்று கேட்டாள். சரி என்றேன்.  நான் கொடுத்த பாலைக் குடித்தவனுக்கு நான் பெற்றவளைக் கட்டிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு தொழுகைக்கு நிற்பது?

மூன்றாம் நாள் காலை, கணவர் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது.

"எத்தன தரம் குடுத்த?"

"பத்துக்குக் கொறயாது."

எழுந்து கையைக் கழுவினார். பள்ளி மௌலவியிடம் கேட்டுவிட்டு ளுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். "அஞ்சு தரத்துக்கு மேல எண்டா பேச்சுக்கே இடமில்லையாம்" என்றார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. "எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

"நீங்க அழுவீங்க எண்டு."

"அழுதா என்ன? ரெண்டு பேரும் சேந்து அழுதிருப்பம்."

மகளிடம் சொன்னதுதான் பெரிய பாடு. முழுவதையும் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு நானா இருந்தாரெண்டே இண்டைக்குத்தான் சொல்றீங்க. அதையும் இப்படியா வந்து சொல்றது?" என்றாள்.  அவள் அந்த மாப்பிள்ளைக்காக மட்டும் அழவில்லை. இருபத்துமூன்று வருடமாக எங்களோடு இருந்தும் தன்னைப் பிறத்தியாள்போல் வைத்துவிட்டோம் என்றுதான் அழுதாள். ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்தால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு நானே போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"அண்டைக்கு ஏன் இல்ல எண்டு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"வாய்ப் பழக்கம், ராத்தா" என்றேன்.

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நானும்தான். நாள் குறித்த கலியாணம், ஒரு போன் கோலில் முடிந்தது. ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். மாப்பிள்ளைக்கு நோய் என்று சிலர், எங்கள் மகளுக்கு வேறு தொடர்பு என்று சிலர். நானே வீடு வீடாகப் போய் உள்ளதைச் சொன்னேன். மகள் பெயரைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் என் மூத்த மகனைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வீட்டில் நாக்குக் குழறியது. ஏழாம் வீட்டில் குழறவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஒரு வேன் வந்து நின்றது. பையனும் அவனுடைய தாயும். மூட்டு வருத்தத்தோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். அவனைக் கண்டதும் நான் பழக்கத்தில் முக்காட்டை முன்னுக்கு இழுத்தேன். "எனக்கு முன்னால அது தேவயில்லயே, உம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான், பாவம். இருபத்தாறு வயது ஆம்பிளையைப் பிடித்து நான் தலையைத் தடவினேன். என் பிள்ளைக்கும் அதே வயதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. என் மனதில் அவன் அதுவரை மூன்று நாள் குழந்தையாகவே இருந்தான்.

மகள் பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. திரும்பிப் போகப் புறப்பட்டவளைக் கவனிக்காமல் பையனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கட மகனுக்கு என்ன பேர் வெச்சீங்க?" என்று கேட்டார்.

அவனும் ஏழாம் நாளைக் காணவில்லை. முறையாகப் பெயர் வைக்கவில்லை. ஆனால் வயிற்றில் இருக்கும்போதே நான் ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது. அந்தக் கேள்வியை இத்தனை வருடத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. சொன்னேன். மகள் கதவடியில் நின்றுவிட்டாள். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொருக்காச் சொல்லுங்க, உம்மா" என்றாள்.

அவளுக்கு இன்னும் வேறு இடம் சரிவரவில்லை. சில நாட்களில் என் மேல் கோபம் வருகிறது, அது நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். கற்பிட்டியிலிருந்து வருகிறவனை "நானா" என்று கூப்பிட அவளுக்குச் சில மாதம் எடுத்தது. என் மூத்தவன் என் துக்கம் மட்டும்தான், அதைப் பூட்டி வைக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைத்திருந்தேன். அவன் என் பிள்ளைகளுக்கு நானா, அவர்களிடமிருந்து நான் அவனைப் பறித்து வைத்திருந்தேன் என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் பிடித்தது. வாசகர்கள் எழுதுகிற இந்தப் பக்கத்தில் யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்பதால் அவன் பெயரையும் எழுதவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பெயரைச் சொல்லுகிறோம்.