கோணல் தரை

காஜா பேராங் தெருவில் உள்ள எங்கள் வீட்டைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார் தொழுகை அறைத் தரையைத் தட்டினார். "கல்லெல்லாம் கோணலா கிடக்கு பாய். பேத்துட்டு நேரா போட்டுரவா?"

அந்தச் சத்தம் என்னை வெள்ளைக்காரர் காலத்துக்கு இழுத்தது. அத்தா இந்த வீட்டைக் கட்டியபோது, ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு நடுவே அம்மா ஒன்று கேட்டார். வீடு தெருவைப் பார்க்கிறது; தொழும் திசையான கிப்லா வேறு பக்கம். இந்த அறையில் மட்டும் கல்வரிசை கிப்லாவை நோக்கி ஓட வேண்டும்.

"பாக்குறவன் சிரிப்பான்," என்றார் அத்தா.

"சிரிக்கட்டுங்க. என் தொழுகை கோணாம இருந்தா போதும்."

அம்மா சொன்னதே நடந்தது. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை போனது. யாரையும் கூப்பிடாமல், கல் இடுக்கை வெறுங்காலால் தடவித் திசை கண்டு தொழுதார்.

"இது இப்படியே இருக்கட்டும் தம்பி," என்றேன் கொத்தனாரிடம்.

எனக்கும் கண் மங்கி வருகிறது. அல்லாஹ்வின் கிருபையால் பாதத்துக்கு வழி தெரியும்.