நான்கு சுவர்களுக்குப் பாடியது

கண்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் தனிமையைப் பற்றித்தான் பாட வேண்டும் என்பது தொழில் வழக்கம். பாடுகிறவளுக்கு ஒன்பது வயதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. விட்டுப்போன கணவன், சிறைச்சாலை யன்னல், குடித்துக் கெட்ட தகப்பன், தூரத்தில் போகும் ரயில் என்று எல்லாவற்றையும் லண்டனில் பிளேஸ்டோவிலும் அதைச் சுற்றியும் உள்ள மண்டபங்களில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பாடினேன். சின்ன வயதில் விருந்தாளிகளுக்கு முன்னால் நிறுத்தி, “ஒரு பாட்டுப் பாடு” என்று சொல்லப்பட்டவர்கள் இதை வாசித்தால் மிச்சத்தை நான் சொல்லவே தேவையில்லை. உங்களுக்கு அது வரவேற்பறையோடு முடிந்திருக்கும். எனக்கு நாலரை வருடம் நடந்தது.

தொடக்கம், அப்பா பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வானில். அப்பா மன்னாரில் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசித்தவர். ஆங்கிலக் கண்ட்ரி பாட்டுகளைக் கசெற்றில் கேட்டு, பாதி அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்தவர். ஒரு சனிக்கிழமை அவர் பாடிக்கொண்டு வான் ஓட்ட, பக்கத்தில் இருந்த நானும் சேர்ந்து பாடினேன். சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். விளக்கு பச்சையான பிறகும் பார்த்தார். அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அம்மாவும் ஒருதரம் அப்படிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஆனால் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு ஷிப்ட்.

தொப்பி

கண்ட்ரி பாடத் தொப்பி வேண்டும். அப்பா வாங்கி வந்தது பெரியவர்களுக்கானது, மூக்குவரை இறங்கியது. ஃபாரஸ்ட் கேட் பலசரக்குக் கடையில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையை மடித்து உள்ளே வைத்து அளவாக்கினார். நாலாவது பாட்டுக்குள் வியர்த்து, மரண அறிவித்தல் பக்கத்தின் மை என் நெற்றியில் ஒட்டிவிடும்.

முதல் மண்டபத்தில், இருபது வருடமாகக் கணவனுக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டைப் பாடி முடித்தேன். கை தட்டினார்கள். முன் மேசையில் இருந்த ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டு, சிரிக்காமல் ஆங்கிலத்தில் கேட்டார்: “அவன் எப்போது போனான், செல்லம்?”

சுவர்கள்

அந்த மண்டபத்தில் ஆட்டம் இல்லை. இரண்டாவது மண்டபம் பமீலாவுடையது. எழுபது வயது, வெள்ளைச் சப்பாத்து. வரிசை ஆட்டக்காரரின் சங்கத்தை அவர்தான் நடத்தினார். வரிசை ஆட்டம் என்றால், எல்லோரும் வரிசையாக நின்று ஒரே திசையைப் பார்த்து ஒரே அடியை வைப்பது. ஒரு சுற்று முடிந்ததும் எல்லோரும் கால்வட்டம் திரும்பி அடுத்த சுவரைப் பார்ப்பார்கள். பிறகு அடுத்தது. நாலு சுவருக்கு ஒருமுறைதான் பாடுகிறவளின் முகம் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் பாட்டில் முப்பது பேரும் ஒரேயடியாக வலப்பக்கச் சுவருக்குத் திரும்பினார்கள். பிறகு முழுதாக முதுகைக் காட்டினார்கள். நான் பிழையாகப் பாடியிருக்கிறேன் என்று நினைத்துப் பாட்டை நிறுத்திவிட்டேன். பின்னணி இசையும் கால்களின் சத்தமும் மட்டும் கேட்டன. அப்பா லப்டொப்பை வைத்துக்கொண்டு ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்திருப்பவர். அவருக்கும் என் முதுகுதான் தெரியும். பமீலா ஆட்டத்தை விடாமல், தலையை மட்டும் தோளுக்கு மேலால் திருப்பிச் சொன்னார்: “பாடிக்கொண்டிரு, திரும்பி வருவோம்.”

ஒன்பது வயது

மண்டபக் கதவில் ஒட்டிய தாளில் என் படமும் ‘ஒன்பது வயது அதிசயம்’ என்ற வரியும் இருந்தன. பத்து வயதிலும் அதே தாள். பதினொன்றிலும் அதே தாள். என் பதினோராவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா கேக்கைப் பிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். மண்டபத்தில் பிறந்தநாள் என்று சொல்லிவிடாதே என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சொல்லவில்லை. இடைவேளையில் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, மெதுவாக, குறை சொல்வதுபோல அல்லாமல் சொன்னாள்: “என் பேத்திக்கும் இரண்டு வருடமாக ஒன்பது வயதாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.”

நீட்டக்கூடாது

ஆட்டக்காரர் எண்ணி ஆடுகிறவர்கள். முப்பத்திரண்டு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. பாடுகிறவள் ஒரு சொல்லை ஆசைக்கு நீட்டினால் எண்ணிக்கை குழம்பி முப்பது பேரும் ஒருவரோடு ஒருவர் முட்டுவார்கள். எனக்கு நீட்டத்தான் வரும். அது அம்மாவிடமிருந்து வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை யேசுவின் பாடுகளைச் சொல்லிப் படிக்கும் பசாம் என்ற ஒப்பாரியை அம்மா வருடம் முழுக்க, வேலை உடுப்பை அயன் பண்ணும்போதும் பாடுவார். ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லையும் மூச்சு முடியும்வரை விடமாட்டார். நான் அந்த மூச்சை விழுங்கி விழுங்கிப் பழகினேன்.

எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களின் ஒன்றுகூடலிலும் அப்பா என்னை மேடை ஏற்றினார். இங்கே யாரும் ஆட மாட்டார்கள், முகத்தைப் பார்ப்பார்கள் என்று நம்பி ஏறினேன். பார்க்கத்தான் செய்தார்கள், ரோல்ஸ் தட்டு வரும்வரை. அம்மா குசினியில் நின்று அதைப் பொரித்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்ததும், அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் என் தலையைத் தடவிவிட்டு அப்பாவிடம் கேட்டார்: “நல்ல குரல், அண்ணை. பிள்ளை எப்ப பாட்டுப் பழகப் போறா?”

முன்வாங்கு

அம்மா ஒருமுறை வரலாமே என்று எத்தனையோ தரம் கேட்டேன். ஷிப்ட் மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் விளங்கியது. இங்கே வந்த புதிதில் அம்மாவுக்கு ஆங்கிலப் பூசையில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முன்னால் இருப்பவர் எழும்பினால் எழும்புவார், முழந்தாளிட்டால் முழந்தாளிடுவார். இப்படியே வருடக்கணக்காக ஒரு பிழையும் விடாமல் பூசை கண்டார். முன்வாங்கில், முதல் வரிசை இருக்கையில், மட்டும் ஒருநாளும் இருக்கமாட்டார். கோயில் வெறிச்சென்று கிடந்தாலும் யாராவது ஒருவருக்குப் பின்னால் போய்த்தான் இருப்பார்.

மண்டபத்தில் உள்ளவர்கள் நல்லவர்கள், ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு முன்னுக்கு ஆள் நிண்டாக் காணும், பாத்துச் செய்வன். அங்க ஆர் நிப்பினம்?”

கடைசித் தடவை

பதின்மூன்றரை வயதில் குரல் தடித்தது. தொப்பிக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. பமீலா என்னைத் தனியே கூப்பிட்டு, அடுத்த மாதத்தோடு போதும், பிறகு சீடி போட்டுக்கொள்வோம் என்றார். நான் முன்பைவிட நன்றாகப் பாடுகிறேனே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அதுதான் செல்லம், முன்பு நீ குழந்தை, இப்போது வெறும் பாடகி.”

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா போய் யாருடனோ ஷிப்டை மாற்றிக்கொண்டார்.

அம்மா வந்தது

கோயிலுக்குப் போடும் நீலக் கோட்டோடு வந்தார். உட்காரச் சுவரோரம் கதிரைகள் இருந்தன. ஆனால் எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பதைப் பார்த்து அவரும் எழுந்து, கடைசி வரிசைக்கும் பின்னால், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடவில்லை. ஆனால் முன்னால் நின்றவர்கள் வலப்பக்கம் திரும்பியபோது அவரும் திரும்பினார். பின்சுவருக்குத் திரும்பியபோது அவரும் மரியாதையாக எனக்கு முதுகைக் காட்டினார். அந்தச் சுவருக்குத் திரும்பினால் கடைசி வரிசைதான் முதல் வரிசை. அம்மாவுக்கு முன்னால் வெறும் சுவர்.

அந்த இடத்தில் நான் நீட்டினேன். ‘வீடு’ என்று வரும் சொல்லை, பசாமில் அம்மா நீட்டுவதுபோல, மூச்சு முடியும்வரை விடவில்லை. அப்பா எழும்பிப் பின்னணி இசையை நிறுத்தினார். எண்ணிக்கை குழம்பியது. முப்பது பேரும் ஒருவரோடு ஒருவர் முட்டி, ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பமீலாவும் பார்த்தார். அவ்வளவு முகங்களும் அடியை எண்ணாமல் என்னையே பார்த்து நான் கண்டதில்லை. நீலக் கோட்டு மட்டும் அசையவில்லை. யாரையும் பார்த்துச் செய்ய வழியில்லாமல், சுவருக்கு முன்னால் நேராக நின்றது.

திரும்பும்போது வானில் மூவரும் முன்சீட்டில். நான் நடுவில். அப்பா ரேடியோவைப் போடவில்லை. சிவப்பு விளக்கில் வான் நின்றபோது அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: “நீ நீட்டின இடத்தில திரும்பிப் பாக்க வேணும் போலத்தான் கிடந்தது. முன்னுக்கு ஒருத்தரும் நிக்கேல்லை, என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, பிள்ளை.”

நாலரை வருடம் பாடியதில் எனக்கு மிஞ்சிய திறமை, என் பாட்டைக் கேட்டவர்களை இன்றைக்கும் பிளேஸ்டோ பஸ் தரிப்பில் முதுகை வைத்தே அடையாளம் கண்டுவிடுவதுதான். அவர்களில் மிக நன்றாகக் கேட்டவர் நீலக் கோட்டுப் போட்டவர்.