தேங்காய் எண்ணெயில் மாட்டிய கிரிப்

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், புளியமரத்தடியில், பழைய பைக்குகள் வரிசையாக நிற்கும். அதற்கு நடுவே பிளாஸ்டிக் சேரில் கால்மேல் கால் போட்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பச்சியப்பன். பழைய வண்டி வாங்கி விற்கிற புரோக்கர். ஆனால் புரோக்கர் என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள், மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மரத்தில் ஆணி அடித்து 'ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். போர்டுக்குக் கீழே நாய் படுத்திருக்கும்.

பச்சியப்பனிடம் ஒரு வித்தை உண்டு. இல்லையென்று சொன்னால் பாவம். வண்டி விற்க எவனாவது வந்தால், மீட்டரைப் பார்க்க மாட்டார், இன்ஜின் சத்தம் கேட்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஹேண்டில்பாரின் ரெண்டு ரப்பர் கிரிப்பையும் பிடிப்பார். நாடி பார்க்கிற வைத்தியர் தோற்றார் போங்கள்.

"இடது பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்குதே. கிளட்ச் புடிச்சிப் புடிச்சித் தேஞ்சது. வத்தல்மலைக்கு ஏறி எறங்கின வண்டிங்களா இது?"

வந்தவன் முகம் செத்துப்போகும். உண்மையிலேயே மலைக்குக் காய்கறி மூட்டை ஏற்றி இறக்கின வண்டியாக இருக்கும்.

"மீட்டரை எவன் வேணாலும் பின்னால தள்ளி வைப்பான். கிரிப்பு பொய் சொல்லாதுங்க," என்பார் பச்சியப்பன். அப்புறம் என்ன, அவர் சொன்னதுதான் விலை.

சரி, வாங்கியாச்சு. அந்த உண்மை பேசுகிற கிரிப்பை என்ன செய்வார்? முதல் வேலையாகக் கழற்றித் தூர எறிவார். மெல்லிசான ஸ்க்ரூ டிரைவரை ரப்பர் விளிம்புக்கு அடியில் விட்டு, சோப்புத் தண்ணியைச் சொட்டவிட்டு, ஒரு முறுக்கு முறுக்கினால் பழைய கிரிப் சுலபமாகக் கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கிற துரு பிடித்த பைப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி புது கிரிப்பை எடுப்பார்.

புது கிரிப் சும்மா ஏறாது. ஓட்டை சின்னது, பைப் பெரிசு. அப்போதுதானே பிடிப்பு இருக்கும்? நல்ல மெக்கானிக் என்ன செய்வான்? கொஞ்சம் பெட்ரோல் தொட்டு மாட்டுவான். பெட்ரோல் ஆவியாகிப் போனதும் ரப்பர் பைப்பைக் கவ்விக்கொள்ளும். இல்லையென்றால் பைப்பைச் சுரண்டித் துடைத்து, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி மாட்டி, ஒரு ராத்திரி தொடாமல் விடுவான். பச்சியப்பனுக்கு ரெண்டும் ஆகாது. பெட்ரோல் நாற்றம் வெள்ளைச் சட்டைக்கு ஒத்துவராதாம். விற்க வேண்டிய வண்டியை ஒரு ராத்திரி சும்மா போடுவதா, நல்ல கதையாக இருக்கிறதே!

அதனால் தேங்காய் எண்ணெய். பைப்பில் தடவி கிரிப்பைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மேலே கொஞ்சம் தடவினால் ரப்பர் பளபளக்கும். கடைக்கு எண்ணெய் எங்கிருந்து? பெண்டாட்டி மாதம்மாள் தலைக்கு வைத்திருக்கிற பாட்டில்தான்.

"கட்டினவ தலை எண்ணெய் காணாம பரட்டையாக் கெடக்குது. இந்த மனுஷன் வண்டிக்குத் தலை சீவுறாரு," என்று மாதம்மாள் தெருவே கேட்கிற மாதிரி திட்டுவாள். பச்சியப்பன் காதில் அதெல்லாம் ஏறாது.

எண்ணெய் காயாது என்பது பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொஞ்ச நாளில் கிரிப் கையோடு சுற்ற ஆரம்பிக்கும். வாங்கினவன் திரும்பி வருவான். பச்சியப்பன் அவனை மேலும் கீழும் பார்ப்பார்.

"உங்களுக்குக் கை வேர்க்குதுங்களா?"

"வேர்க்கும்ங்க, வெயில்ல..."

"அதாங்க. உடம்புல சூடு. மோர் குடிங்க, சரியாப் போயிரும்."

வண்டியைப் பற்றிக் கேட்க வந்தவன் வைத்தியம் கேட்டுக்கொண்டு போவான். இப்படி மோர் குடித்தே பாதி மொரப்பூர் குளிர்ந்து கிடக்கிறது.

இதில் ஒரு ஆராய்ச்சி வேறு செய்து வைத்திருந்தார். மார்கழி, தை மாசங்களில் விடிகாலையில் போய்க் கிரிப்பைத் திருகிப் பார்த்தால் இம்மி அசையாது. 'பனியில எண்ணெய் எறுகி ரப்பரும் பைப்பும் ஒண்ணா ஆயிடுதுங்க' என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். அதிலிருந்து பனிக்காலத்தில் வண்டி டெலிவரி எல்லாம் காலையில்தான். நல்ல நேரமாம். வாங்க வந்தவன் குல்லாவும் மப்ளருமாக நின்று கிரிப்பைத் திருகிப் பார்த்து, திருப்தியாக ஓட்டிக்கொண்டு போவான்.

இதிலே கூத்து என்ன தெரியுமா? அதே மாசத்தில் அவர் வூட்டில் மாதம்மாள் தினமும் காலையில் உறைந்து போன எண்ணெய்ப் பாட்டிலைக் காம்பவுண்டு சுவரில் வெயில் பட வைப்பாள். உருகின எண்ணெயை இதே பச்சியப்பன்தான் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் அரக்கித் தேய்ப்பார். தலையில் வழிகிற எண்ணெய்தான் வண்டியிலும் வழியும் என்பது அந்தத் தலைக்குள் மட்டும் போகவேயில்லை.

அவருக்கு ஒரே பெண், கோகிலவாணி. தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அவள் தாடைக்கு அடியில் ஒரு தையல் தழும்பு இருக்கிறது. பள்ளிக்கூடம் போன காலத்தில், அப்பா ஆசையாகப் புது கிரிப் மாட்டிக் கொடுத்த சைக்கிளில் போனாள். கிரிப் கையோடு வந்துவிட்டது, அவள் ரோட்டில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது பச்சியப்பன் பக்கத்தில் நின்று, "நீ புடிச்ச புடி சரியில்லம்மா," என்றார். அதை அவள் மறக்கவில்லை.

அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பிரபாகர், வத்தல்மலை அடிவாரத்து ஊர்க்காரன், கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறான். அவன் அம்மா பாஞ்சாலி பேச்சில் சுருக்கம்.

"எங்களுக்கு வண்டி வாகனம் ஒண்ணும் வேணாம்ங்க. பையன்கிட்ட வண்டி இருக்குது. பொண்ணைக் குடுங்க, போதும்."

இத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா? நிச்சயத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றார். "வண்டி விக்கிறவன் வூட்டுப் பொண்ணு வண்டி இல்லாமப் போறதுங்களா? ஷோரூம் வண்டி எறக்குறேன், பாருங்க!"

சொன்ன நாளிலிருந்து அவருக்கு ஒரே கனவுதான். பாஞ்சாலியின் தெருவில் எல்லாரும் கூடி நின்று, 'சம்பந்தி ஷோரூம் வண்டி எறக்கிட்டாருடோய்' என்று சொல்ல வேண்டும். அதற்கு ஷோரூமுக்குத்தானே போகணும்? அவர் தொப்பூருக்குப் போனார். கணவாய் ரோட்டோரம் ஓட்டல் வைத்திருந்த ஒருவரிடம் மழையிலும் வெயிலிலும் நின்ற வண்டியை வாங்கி வந்தார். புது பெயின்ட், புது ஸ்டிக்கர், புது சீட். சீட்டின் மேல் ஒரு பாலித்தீன் கவரையும் மாட்டிவிட்டார், இன்னும் உரிக்காத புதுசு மாதிரி. அந்தக் கவரை மட்டும் தனியாகத் தேடி வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

கோகிலவாணிக்குத் தெரியாதா? புளியமரத்தடியில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மஞ்சள் பூசின கையோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, இது பழசுன்னு எனக்குத் தெரியும். ஊரை ஏமாத்தறது உன் இஷ்டம், நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஆனா நாளைக்கு இதுல நான்தான் உக்காந்து போகணும். கிரிப்பை மட்டும் இதைப் போட்டு ஒட்டு."

அவள் கையில் ஒரு சொல்யூஷன் டியூப். சைக்கிள் கடையில் அவளே வாங்கி வந்தது.

"சரிம்மா, சரிம்மா."

"சரிம்மான்னு சொல்லாத. ஒட்டுறேன்னு சொல்லு."

"ஒட்டுறேன்டா. என் பொண்ணுகிட்ட நான் பொய் சொல்லுவனா?"

டியூப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிஜமாகவே ஒட்டத்தான் நினைத்தார், பாவம். பழைய கிரிப்பைக் கழற்றினார். உள்ளே பைப் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், பசை தடவிக் காத்திருக்க வேண்டும். சமையல்காரன் ஒரு பக்கம் கூப்பிடுகிறான், பந்தல்காரன் ஒரு பக்கம் கத்துகிறான். எதிரே சுவரில், எடுக்க மறந்த எண்ணெய்ப் பாட்டில். சுற்றுமுற்றும் பார்த்தார். வேலை உடனே முடிந்துவிட்டது.

விடிகாலையில் மண்டபத்துக்குக் கிளம்புமுன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய்த் திருகினார். அசையவில்லை. பாறை மாதிரி இருந்தது. "பசையாம் பசை," என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, டியூப்பை மகள் கண்ணில் படாமல் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையின் பைக்கு மாற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது மாதம்மாளுக்கே சந்தேகம்தான், ஆனால் கல்யாண வூட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது?

மண்டபத்தில் சொந்தக்காரர்கள் வண்டியைப் பந்தல் நிழலில் நிறுத்தியிருந்தார்கள். பச்சியப்பன் ஓடிப்போய்த் தடுத்தார். "இங்க நின்னா யாருங்க பாப்பாங்க? வெளிய தள்ளுங்க! பஸ்ஸுல போறவனுக்கும் தெரியணும்!" வண்டி வெட்டவெளிக்கு வந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். தாலி கட்டி, பந்தி நடந்து, மொய் எழுதி முடிகிற வரைக்கும் தை மாசத்து வெயில் அந்தக் கறுப்பு ரப்பரைப் பதமாகக் காய்ச்சியது.

உச்சிவேளையில் சாவி கொடுக்கிற சடங்கு. போட்டோக்காரர் சொன்னபடி பச்சியப்பன் மூன்று தடவை சிரித்தார். பொண்ணு மாப்பிள்ளை வண்டியில் மாரியம்மன் கோயிலை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். கோகிலவாணி பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். ஏறும்போது அப்பாவைப் பார்த்தாள்.

"ஒட்டிட்டியாப்பா?"

"போம்மா, சும்மா கல்லாட்டம் இருக்குது!"

பிரபாகர் கிளப்பினான். மண்டபத்து வாசலைத் தாண்டி, கோயில் பக்கம் திரும்ப ஹேண்டில்பாரை இழுத்தான். இடது கிரிப் வந்துவிட்டது. வண்டி ஒரு பக்கம் போனது, கிரிப்பைப் பிடித்த கை ஒரு பக்கம் போனது. ரோட்டோரம் கொட்டியிருந்த எம் சாண்ட் குவியலில் வண்டியோடு ரெண்டு பேரும் சாய்ந்தார்கள். வேகம் இல்லாததால் பிழைத்தார்கள். கோகிலவாணியின் முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது, பட்டுப்புடவை கிழிந்தது. மாப்பிள்ளை மணலில் உட்கார்ந்தபடி, கையில் இருந்த கிரிப்பைப் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் ஓடியது. எல்லாருக்கும் முன்னால் பச்சியப்பன். எங்கே போனார் தெரியுமா? வண்டியிடம். "டேங்க்ல கீறல் ஒண்ணும் இல்லீங்களே?" பழக்க தோஷம், வேறென்ன சொல்வது!

பாஞ்சாலி மகன் கையிலிருந்து கிரிப்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னாங்க சம்பந்தி, தலைக்குத் தேய்க்கிறதை வண்டிக்குத் தேய்ச்சிருக்கீங்க?" வெற்றுப் பைப்பை விரலால் தடவினாள். விரல் செம்மண் நிறமாக வந்தது. அதைக் கூட்டத்துக்கு முன்னால் நீட்டிக் காட்டினாள். "ஷோரூம்ல இருக்கும்போதே துருப் புடிச்சிருச்சுங்களா?"

கூட்டத்தில் முதலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு பந்தலே சிரித்தது. மோர் குடித்த பாதிப்பேர் அங்கேதான் நின்றிருந்தார்கள். பச்சியப்பன் வாயைத் திறந்தார். அந்த வாயில் இருந்தது ஒரே ஒரு வசனம்தானே, அதுவே வந்தது.

"மாப்ளைக்குக் கை வேர்க்குதுங்க..."

சொல்லிக்கொண்டே வண்டியைத் தூக்கக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து டியூப் நழுவி, மணலில், கோகிலவாணியின் காலடியில் விழுந்தது. மூடிகூடத் திறக்காத டியூப்.

அவள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சிரிப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. பச்சியப்பனுக்கு அப்போதுதான் மகளின் முழங்கை கண்ணில் பட்டது. அப்போதுதான் தாடைக்கடியில் பழைய தழும்பும் தெரிந்தது.

"அம்மா... காலையில திருகிப் பாத்தேன்மா. அசையவே இல்ல. சாமி சத்தியமா."

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானப்பா கேட்டேன்," என்றாள் அவள். குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "புதுசா கேட்டேன்? பழசுலயே உக்காந்து போறேன்னுதான சொன்னேன்."

பிரபாகர் மண்டபத்துக்குப் பின்னால் போய்த் தன் சொந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். மட்கார்டு ஒடுங்கிய வண்டி, ரெண்டு கிரிப்பும் வழவழவென்று தேய்ந்தது. மாதம்மாள் மகளின் முழங்கையைத் தன் முந்தானையால் கட்டிவிட்டாள், கட்டும்போது புருஷன் பக்கம் திரும்பவேயில்லை.

கோகிலவாணி ஏறப் போனவள் திரும்பி வந்தாள். டியூப்பை அப்பாவின் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"வச்சுக்கோப்பா. அடுத்தவன் வூட்டுப் பொண்ணு உக்காந்து போற வண்டிக்காவது போட்டு ஒட்டு."

புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி வத்தல்மலை ரோட்டுப் பக்கம் போனது. பச்சியப்பன் கையெடுத்து ஆட்டப் பார்த்தார். கையில் கிரிப் இருந்தது. பாஞ்சாலி எப்போது அதைக் கொடுத்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.