தவமணியின் பூசினிக்காயும் கிளடிசின் கண்ணும்

கிளடிஸ் சிரிக்கிறாள் என்பதுதான் தவமணியின் முதல் முறைப்பாடு.

"மனிசர் சும்மா சிரிக்க மாட்டினம்," என்றாள் கணவன் ஜெயரட்ணத்திடம். "விடிஞ்சால் பொழுதுபட்டால் உவள் வேலிக்கு மேலால தலையை நீட்டிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். ஏதோ இருக்கு."

"பல்லு இருக்கு. அதான் சிரிக்கிறா," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"உங்களுக்கு எல்லாம் பகிடிதான்!"

தவமணியைச் சும்மா குறைசொல்லக் கூடாது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்ற் இப்படித்தான் பல்லெல்லாம் காட்டிச் சிரித்தான், "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றினான், கடைசியில் பிராங்பேட் விமான நிலையத்தில் அவளை ஒரு கதிரையில் இருத்திவிட்டுக் கோப்பி வாங்கப் போனான். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறான் போலும். அன்றிலிருந்து சிரித்த முகம் கண்டால் அவளுக்குக் கைப்பையை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். பிறகு கனடா வந்து சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டில் இருந்த காலம் முழுக்க லிஃப்ற்றில் "குட்மோர்னிங்" சொன்னவர்களையெல்லாம் அவள் சந்தேகித்தாள். அது அவளுக்கு ஒன்றும் கெடுதல் செய்யவும் இல்லை.

தொண்ணூற்றேழில் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கினார்கள். பண்ணை நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிய புதுத் தெரு. அதில் அவர்கள்தான் ஒரே தமிழ்க் குடும்பம். கார் ஓடத் தெரியாதவளுக்கு அங்கே வீடு சிறைதான். அவள் வேலைசெய்த பிஸ்கற் ஃபக்ரறியில் கோடைக்கு ஆட்களை நிற்பாட்டிவிடுவார்கள். ஜெயரட்ணம் காலையில் காரோடு போய்விட்டால், பிறகு அவளும் பின்வளவும்தான். தெருவில் உள்ள பெண்களுக்கு அவள் பெயர் வாயில் நுழையவில்லை. ஒருத்தி "டமி" என்றாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தவமணி என்று தகப்பன் ஆசையாக வைத்த பெயர் இப்படி டமியாகிப் போனது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

முதல் வருடம் அந்த ஊர் ஃபெயருக்கு, அறுவடைக் கண்காட்சிக்கு, போனபோதுதான் அவளுக்கு ஆசை பிடித்தது. ஆடு, சேவல், ஊஞ்சல் ராட்டினம் எதையும் அவள் பார்க்கவில்லை. பெரிய மண்டபத்தில் மேசை மேசையாகக் காய்கறிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் வளர்த்தவரின் முழுப் பெயர் எழுதிய அட்டை. வென்றதற்குச் சிவப்பு ரிபன். ஆகப் பெரிய பூசினிக்காய்க்கு முன்னால் பின்வேலிக்காரி கிளடிசின் பெயர் இருந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று அந்தப் பெயரை வாசித்துவிட்டுப் போனான். தவமணிக்கு நெஞ்சு பொருமியது. அடுத்த வருடம் என் பெயர், முழுப் பெயர், அந்த மேசையில் கிடக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

மோர்னிங்சைட் தமிழ்க் கடையில் வாங்கிய பூசினிக்காயின் விதையை ஊன்றினாள். கொடி ஓடிய ஓட்டத்தில் ஆடி மாதமே ஒரு காய் அரிசி மூட்டை மாதிரிப் பருத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பின்வேலிக்காரி கிளடிசின் சிரிப்பு அதிகமானது. எழுபது வயதுக் கைம்பெண். இந்தத் தெருக்கள் எல்லாம் அவளுடைய பண்ணையாக இருந்தவை. பழைய வீடும் ஒரு துண்டு வளவும்தான் இப்போது மிச்சம்.

"பியூட்டிஃபுல்!" என்பாள் கிளடிஸ். "எவ்வளவு பெரிசு! நாளுக்கு நாள் வளருது!"

கேட்டீர்களா அநியாயத்தை? பிள்ளையையோ பயிரையோ இப்படி வாய்விட்டுப் புகழ்கிறவள் நல்லவளாக இருப்பாளா? தவமணி அப்பால் திரும்பி "த்தூ, த்தூ" என்று மெல்லத் துப்பிவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி "தாங்க்யூ" என்பாள்.

ஒருநாள், காய்க்குக் கண் பட்டுவிட்டது என்று பொறுக்க மாட்டாமல், உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் காயைச் சுற்றிக் கண்ணூறு கழித்து, குசினிக்குள் வந்து அடுப்பில் போட்டாள். ஐயோ, அந்த நெடி! ஸ்மோக் அலாம் கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்துவிட்டது. யாரோ அறிவித்துத் தீயணைப்பு வண்டியும் வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஈரத் துவாயோடு ஓடிவந்தவள் கிளடிஸ்.

"பாத்தீங்களே, முதல் ஆளாய் வந்து நிக்கிறாள். என்ன செய்யிறன் எண்டு வேவு பாக்க!"

"இஞ்சேரும்," என்று இருமினார் ஜெயரட்ணம், "கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது எண்டுதானே உங்கட அம்மா சொல்லுறவ? இது ஊரையே இருமப் பண்ணிப்போட்டுது. அப்ப கண்ணூறு இல்லைத்தானே?"

"கனடா மிளகாய்க்கு என்ன தெரியும்!"

அடுத்த கிழமை கிளடிஸ் ஒரு சாக்கு நிறைய மாட்டெருவும் ஒரு பழைய பலகையும் கொண்டுவந்து வேலியோரம் வைத்தாள். எருவை வேரடியில் போடு, பலகையைக் காய்க்குக் கீழே வை என்று கையாலும் காட்டிச் சொன்னாள். தவமணி தலையை ஆட்டினாள். அவள் போனதும் பலகையைப் புரட்டிப் பார்த்தாள். அடியில் சிவப்பாக ஏதோ கறை, நடுவில் இரண்டு ஆணி.

"செய்வினைதான், வேறென்ன," என்று இரண்டையும் தங்கள் சாமான் கொட்டில் பக்கம் தள்ளிவிட்டாள்.

"அது பெயின்ற் அப்பா. பழைய மாட்டுக் கொட்டில் பலகை," என்றார் ஜெயரட்ணம்.

"உங்களுக்குத் தெரியும்! போட்டியில நிக்கிறவள் எதிராளிக்கு எரு குடுப்பாளோ?"

இதைச் சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை. யன்னலால் பார்த்தால், கிளடிஸ் வேலியடியில் ஜெயரட்ணத்தை நிறுத்தி வைத்து எதையோ கேட்கிறாள், அவர் சொல்கிறார், அவள் வாயைக் கோணிக் கோணித் திருப்பிச் சொல்கிறாள்.

"என்னவாம்?"

"உம்மட முழுப் பேர் என்னெண்டு கேட்டா."

"நீங்கள் சொன்னனீங்களோ?"

"ஓம்."

தவமணி தலையில் கைவைத்துக் குந்திவிட்டாள். முழுப் பெயர் எதற்கு? அதைத்தானே செய்வினைக்காரர் முதலில் கேட்பார்கள்!

கிளடிசின் வளவு மூலையில் நீலப் பிளாஸ்ரிக் தறப்பாள் போர்த்திய மேடு ஒன்று இருந்தது. வைகாசியில் இருந்தே இருந்தது. ஆவணி வரவர அதுவும் வீங்குவதாகவே தவமணிக்குப் பட்டது. தறப்பாளுக்குக் கீழே இருப்பது கிளடிசின் பூசினிக்காய் என்பதில் அவளுக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. என்னுடையதைக் கண் வைத்துவிட்டுத் தன்னுடையதை மூடி வைத்திருக்கிறாள், கள்ளி! தவமணியும் விடவில்லை. தன் காயைப் பழைய போர்வையால் தலையோடு மூடிக்கட்டினாள். ஆவணிக் கடைசியில் மழை விடாமல் பெய்தபோதும் அவிழ்க்கவில்லை.

ஃபெயர் அன்று காலை கிளடிஸ் ஒரு பிக்கப் ட்ரக்கோடும் மருமகனோடும் வாசலில் வந்து நின்றாள். கேட்காமலே வந்திருந்தாள். இவ்வளவு பெரிய காய் உங்கள் காரில் போகாது என்றாள். ட்ரக்கில் அந்த நீலத் தறப்பாள், காய் உரசாமல் இருக்க, மடித்து விரிக்கப்பட்டிருந்தது. தவமணியின் கண் தன்பாட்டில் வேலிக்கு அப்பால் போனது. மூலையில் தறப்பாள் இருந்த இடத்தில் பழைய கொட்டில் பலகைகள்தான் அடுக்கிக் கிடந்தன. மிச்ச வளவு முழுக்கப் புல். பூசினிக் கொடி என்ன, ஒரு கீரைப் பாத்திகூட அங்கே இல்லை.

மருமகனும் ஜெயரட்ணமும் போர்வையை அவிழ்த்துக் காயைத் தூக்கினார்கள். மேல்பாதி கையோடு வந்தது. அடி ஈர மண்ணில் அழுகி, களியாக நிலத்திலேயே தங்கிவிட்டது.

கிளடிஸ் காயைப் பார்த்தாள், பிறகு கொட்டில் சுவரில் சாய்ந்து கிடந்த பலகையையும் வாய்கட்டு அவிழாத எருச் சாக்கையும் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தவமணியின் தோளில் தட்டி, எப்படியும் ஃபெயருக்கு வா என்று மட்டும் சொன்னாள்.

மண்டபத்துக்குள் கால் வைக்கவே தவமணிக்குக் கூச்சமாக இருந்தது. பூசினிக்காய் மேசையின் நடுவில், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில், ஒரு இடம் வெறுமையாக இருந்தது. அதற்கு முன்னால் கிளடிசின் நடுங்கும் கையெழுத்தில் ஒரு அட்டை: தவமணி ஜெயரட்ணம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூடப் பிழைக்காமல் இருந்தது. சனம் நின்று பெயரை வாசித்தது, வெறும் மேசையைப் பார்த்தது, அடுத்ததற்குப் போனது.

மேசைக்குப் பொறுப்பான பெண் ஜெயரட்ணத்திடம் சொன்னாள்: கிளடிசுக்கு முழங்கால் ஏலாதாம், இந்த வருடம் ஒன்றும் நடவில்லையாம். என் பின்வேலிக்காரிக்கு நடு இடத்தை விடுங்கள், அவளை டமி என்று எழுதிவிடாதீர்கள் என்று ஒரு மாதமாக நச்சரித்தாளாம்.

"கேட்டதே?" என்றார் ஜெயரட்ணம்.

"கேட்டது," என்றாள் தவமணி. "எனக்கு வெக்கமாக் கிடக்கு அப்பா. செத்துப்போகலாம் போல கிடக்கு."

அவர் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

மறுநாள் பின்னேரம் தவமணி கிளடிசைக் கைபிடித்துக் கூட்டிவந்து பின்வளவில் ஒரு கதிரையில் இருத்தினாள். பாபிக்யூ அடுப்பில் கரி கனன்றது. கிளடிஸ் அவளுடைய பச்சைச் சேலையைப் பார்த்து "பியூட்டிஃபுல்!" என்றாள். தவமணி திரும்பித் துப்பவில்லை. உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளி அந்த நரைத்த தலையை மூன்று தரம் சுற்றினாள்.

"என்ன செய்யிறா?" என்று கிளடிஸ் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உங்களில ஆரோ கண் வைச்சிட்டினமாம். அதைக் கழிக்கிறா," என்று ஜெயரட்ணம் விளங்கப்படுத்தினார்.

"ஆர்?"

தவமணி வாய்க்குள் முணுமுணுத்தாள். "போறவன் கண், வாறவன் கண், கண்டவன் கண், காணாதவன் கண்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ர கண்."

மிளகாயைக் கரியில் கொட்டினாள். மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். மிளகாய் கறுத்துக் கருகிச் சாம்பலாகியது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"வெளியில காத்தப்பா, அதான்," என்றார் ஜெயரட்ணம்.

"நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் தவமணி.