விளிம்பு கிழிந்த தோட்டா

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தேன். என் ஒரே தங்கையைப் பனமலைக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தோம். அவள் புருஷன் அங்கே ஒரு பண்ணையாரிடம் காவல்காரன். காட்டுப்பன்றிகள் மல்லாட்டைக் கொல்லையில் இறங்கி வேர்க்கடலையைத் தோண்டாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

அதற்காகப் பண்ணையார் ஒரு ரைபிள் வைத்திருந்தார். திண்டிவனத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஒரு தோட்டா வெடித்ததும் காலிக் கூட்டைத் தானே வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். சுற்றுவட்டாரத்தில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், சுட்டா காலிக் கூடு வெளிய வரமாட்டேங்குது. உள்ளயே மாட்டிக்கினு பேஜாரு பண்ணுது. பக்கத்துல இருக்கற கைப்பிடிய ரெண்டு மூணு வாட்டி பலமா இழுத்தாத்தான் வருது. ஐயா உங்களப் பாக்கச் சொன்னாரு."

"நான் இன்ஜின் பாக்குறவன், மாப்ள."

"இரும்புதானே மச்சான்," என்று சிரித்தான்.

பிரித்துப் பார்த்தேன். காலிக் கூட்டின் விளிம்பைக் கவ்வி இழுக்க நகம் போல ஒரு சிறிய கொக்கி இருந்தது. அதன் முனை தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டிருந்தது. பின்னாலிருந்த ஸ்பிரிங்கும் சோர்ந்துபோயிருந்தது. கோளாறு கைக்குக் கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

பிறகு குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். தோட்டா உட்காரும் இடத்தில் துரு அரித்துச் சின்னச் சின்னக் குழிகள். அவன் கொண்டுவந்திருந்த காலிக் கூடுகளின் உடம்பிலும் அதே இடத்தில் கீறல்கள். வெடிக்கும்போது பித்தளை உப்பி அந்தக் குழிகளில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் நிஜமான நோய். தேய்ந்த கொக்கி அதற்குமேல் வந்த சின்னத் தொல்லை. ஒரு பாய்லர் குழாய் இந்த லட்சணத்தில் இருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்.

ஆனால் குழலை மாற்ற வேண்டும் என்றால் சீமையிலிருந்து வரவேண்டும். யுத்தத்தில் எது வரும்? இதை எடுத்துப்போய்ச் சொன்னால் பண்ணையார் இவனைத்தான் திட்டுவார். மெல்லிய உப்புத்தாளால் குழிகளை முடிந்தவரை தேய்த்தேன். கொக்கியின் முனையை அரத்தால் கூராக்கினேன். ஷெட்டிலிருந்து ஒரு நல்ல கம்பியை எடுத்து முன்பைவிட இறுக்கமான ஸ்பிரிங் போட்டேன்.

தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. சோதித்துப் பார்க்கப் பண்ணையார் இரண்டுதான் கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்த வாரம் நானே பனமலைக்குப் போய் ஏரிக்கரை மேட்டைப் பார்த்துச் சுட்டேன். இரண்டு கூடுகளும் துள்ளி வெளியே விழுந்தன. பண்ணையார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆயிடுச்சா?"

மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குழிகளைப் பற்றிச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

"ஆயிடுச்சிங்க."

பத்து நாள் கழித்து ஷெட்டுக்கு ஆள் வந்தது. விடியற்காலையில் ஒரு பெரிய ஆண் பன்றியை மாப்பிள்ளை சுட்டிருக்கிறான். குண்டு சப்பையில் பட்டு, அது திரும்பி அவனை நோக்கி ஓடிவந்திருக்கிறது. இரண்டாவது வெடி வெடிக்கவில்லை. நின்ற இடத்திலேயே இழுத்து இழுத்துப் பார்த்தானாம். வரப்பில் நின்றிருந்தவர்கள் சொன்னார்கள். மரம் ஏற நேரம் இருந்தது, அவன் துப்பாக்கியை விடவில்லை என்றார்கள். தொடையைக் கிழித்துவிட்டது. மாட்டுவண்டியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் காணை ஊர் வரைக்கும்தான் உயிர் இருந்தது. நான் எதிரே சைக்கிளில் போனேன். வண்டிக்குள் வைக்கோல் முழுக்க நனைந்திருந்தது. தங்கை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ்காரர்கள் துப்பாக்கியைப் பிரிக்கத் தெரிந்தவன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். காலிக் கூடு குழலுக்குள் அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. நான் கூராக்கிய கொக்கியும் நான் போட்ட ஸ்பிரிங்கும் சேர்ந்து அதைப் பிய்த்துவிட்டிருந்தன. பழைய கொக்கியாயிருந்தால் வழுக்கியிருக்கும், மறுபடி கவ்வியிருக்கும், மூன்றாவது இழுப்பில் வந்திருக்கும். இப்போது பிடித்து இழுக்க அங்கே ஒன்றுமே இல்லை. குழலின் முன்னாலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை உள்ளே விட்டுத் தட்டினேன். கூடு என் உள்ளங்கையில் விழுந்தது.

"பழைய தோட்டா, ஊறிப்போச்சி," என்றார் பண்ணையார். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போனபிறகு தங்கை என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அதுல என்னாதான் கோளாறு?"

"தோட்டா பழசும்மா."

"நீ பாத்துக் குடுத்ததுன்னு தைரியமா இருந்தாரு."

அதன்பிறகு அவளை விழுப்புரத்துக்கே அழைத்து வந்துவிட்டேன். யார் கேட்டாலும் அவள் ஒரே மாதிரி சொல்வாள்: "எங்க அண்ணன் நல்லாத்தான் பண்ணிக் குடுத்தாரு. தோட்டாதான் சரியில்ல." நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் தலை நிமிராமல் சாப்பிட்டு முடிப்பேன். அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்தேன். அவளுக்கு மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். அதனால் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை.